மாரடைப்பு என்று எழுதியாயிற்று

“இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்கப்பா. அண்ணன் மூஞ்சி புங்கங்கிளைக்குள்ள போவுது பாரு!” என்று ராஜராஜன் கீழே நின்று கத்தினார். ஏணிக்காரர்கள் கயிற்றை இழுத்தார்கள். பிளெக்ஸில் இருந்த பஞ்சநதத்தின் முகம் கிளைக்குள்ளிருந்து மீண்டது. அதற்குக் கீழே, அதே அளவில், கைகூப்பிச் சிரித்த ராஜராஜனின் முகத்துக்கு முதலிலிருந்தே எந்தக் கிளையும் இடைஞ்சலாக இல்லை.

மங்களாம்பிகை கணவனின் தலைமாட்டில் உட்கார்ந்தபடியே அதைப் படித்தாள். ‘டெல்டாவின் ஹாலோ பிளாக் வேந்தர், கட்டுமானக் கர்ணன் பஞ்சநதம் அவர்கள் மாரடைப்பால் மண்ணுலகை நீத்தார். கண்ணீருடன்: தம்பி ராஜராஜன், நிர்வாகப் பங்குதாரர்.’ அடியில் இரண்டு செல்போன் எண்கள். துக்கம் கேட்க ஒன்று, கல்லுக்கு ஆர்டர் சொல்ல ஒன்று போலிருக்கிறது.

வேந்தர் நேற்றுக் காலை பதினொரு மணிக்கு, வீட்டை ஒட்டிய கல் பட்டறையில் தன் பழைய அம்பாசடரை ஜாக்கி வைத்துத் தூக்கினார். தானே வார்த்த ஹாலோ பிளாக்குகளை முட்டுக்கொடுத்து, ஜாக்கியை உருவிவிட்டு, ஆடிக்கொண்டிருந்த சைலன்சரைப் பார்க்க அடியில் போய்ப் படுத்தார். முதலில் ஒரு கல் நொறுங்கியது. அப்புறம் மற்றதும். சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து ஓடியவள் மங்களாம்பிகைதான். வண்டியைத் தூக்க ஏழு ஆள் வர வேண்டியிருந்தது. நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து இன்று விடிந்ததும் கொடுத்தார்கள். முகத்தில் ஒரு கீறல் இல்லை. கழுத்துக்குக் கீழே வெள்ளைத் துணி. பொய் சொல்லத் தோதான சாவு.

“தம்பி, என்ன அது மாரடைப்புன்னு?”

ராஜராஜன் குனிந்து குரலைத் தணித்தார். “அண்ணி, போலீசுல எழுதுறது வேற, ஊருக்குச் சொல்றது வேற. நம்ம கல்லு நொறுங்கி மொதலாளியே போயிட்டாருன்னு வெளிய தெரிஞ்சா அப்புறம் எவன் கல்லு எடுப்பான்? அண்ணன் பேரைக் காப்பாத்தத்தான் நான் கெடந்து அலையுறேன்.”

“பேரையா?”

“பிராண்டுன்னு வெச்சுக்கங்களேன்.”

அவள் அழவில்லை. நேற்றிலிருந்தே அழவில்லை என்று பெண்கள் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். அழுகை வரும் வழியில் கோபம் குறுக்கே உட்கார்ந்திருந்தது. கொழுந்தன் மேல் மட்டுமல்ல, படுத்திருந்தவர் மேலும். எழுந்து உட்கார்ந்தாரென்றால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு மறுபடி படுக்கச் சொல்லலாம்.

இரண்டு மாதம் முன்பு தஞ்சாவூரில், ஃபாஜிலின் டூல்ஸ் கடையில், அவள்தான் அந்த ஜாக்கி ஸ்டாண்டைக் கையில் எடுத்தாள். இரும்பில் முக்காலிபோல ஒன்று.

“ஜாக்கி தூக்குறதுக்குத்தாண்ணே. தூக்குனதைத் தாங்குறதுக்கு இது,” என்றான் ஃபாஜில் பஞ்சநதத்திடம். “ஜோடியாத்தான் எடுக்கணும். காலு அகலமா இருக்கா, வெல்டிங் ஒழுங்கா இருக்கான்னு பாருங்க. எத்தனை டன்னுன்னு மேலயே போட்டிருக்கும், உங்க வண்டி எடைக்குக் கூடவே எடுங்க. உசரம் வெச்சு ஸ்டாண்டோட பல்லு மாட்டுனப்புறம் இந்தப் பின்னையும் குத்திடணும். பல்லு வழுக்குனாலும் பின்னு புடிக்கும். கெட்டித் தரையில வெச்சு, வண்டியை ஒரு ஆட்டு ஆட்டிப் பாத்துட்டு அப்புறம் அடியில போங்க.”

பஞ்சநதம் கடை அதிரச் சிரித்தார். “என் கல்லு மேல மூணு மாடி நிக்குது தம்பி. எங்கிட்டயே தாங்குறதைப் பத்திப் பேசுறியா?”

“மாடிக்கு அடியில படுத்து யாரும் போல்ட்டு திருக மாட்டாங்கண்ணே.”

வேந்தருக்கு முகம் சுருங்கியது. “வையி மங்களம் அதை,” என்றார். வைத்தாள். கையில் ஒட்டிய எண்ணெயைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

பந்தலில் மைக் செட்காரன் ஊதிப் பார்த்தான். ராஜராஜன் மைக்கை வாங்கித் தொண்டையைச் செருமினார். “கல்லைப் போல உறுதியானவர் என் அண்ணன்…”

அந்த நேரத்தில்தான் மருதையன் மாலையோடு வந்தான். பட்டறையில் பதினாறு வருஷமாகக் கல் வார்க்கிறவன். பாடைக்கு முன்தோள் கொடுக்கப்போகிறவன். மாலையை வைத்துவிட்டு மங்களாம்பிகையின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கண்ணைத் துடைத்தான்.

“நேத்து நான் பட்டறைக்கு வரலையா, கல்லுதான் வெடிச்சிடுச்சோன்னு ராத்திரி பூரா தூக்கமில்லம்மா. இப்ப பிளெக்ஸுல படிச்சப்புறம்தான் உசுரு வந்துச்சு. மாரடைப்புக்கு மனுசன் என்ன பண்ண முடியும், சொல்லுங்க?”

“உனக்கு எதுக்குய்யா தூக்கம் போச்சு?”

“வீட்டுல நம்ம குட்டியானை வேனும் கல்லு மேலதானேம்மா நிக்குது! அய்யா சொல்லிக் குடுத்த மாதிரியே ஏத்தி வெச்சிருக்கேன். மச்சான் குணசேகரன் கிரீஸ் அடிக்க வந்திருக்கான். பயப்படாம அடியில போடா, அது மாரடைப்பாம்டான்னு இப்பதான் போன்ல சொன்னேன்.”

மங்களாம்பிகை அவன் முழங்கையைப் பிடித்தாள். “திரும்பப் போன் போடு.”

“ஏம்மா?”

“போடு மருதையா. மாரடைப்பு இல்ல. கல்லு நொறுங்கி வண்டி நெஞ்சு மேல எறங்குச்சு. நான் பாத்தேன். போடு.”

ரிங் போனது. எடுக்கவில்லை. மறுபடி போட்டான். எடுக்கவில்லை. துண்டு விழுந்ததுகூடத் தெரியாமல் மருதையன் வாசலுக்கு ஓடினான். அவனுடைய பைக் சீறிக்கொண்டு கிளம்பியது.

ராஜராஜனின் பேச்சில் கட்டுமானக் கர்ணன் இன்னும் வாரி வழங்கிக்கொண்டிருந்தார். மங்களாம்பிகை எழுந்தாள். தாலி அறுக்க வேண்டியவள் நடந்து வருவதைப் பார்த்துப் பந்தல் விலகி வழிவிட்டது. பக்கத்தில் வந்து கையை நீட்டினாள். அத்தனை பேர் பார்க்கும்போது இழுபறி செய்தால் நன்றாக இருக்காது என்று ராஜராஜன் மைக்கைக் கொடுத்துவிட்டார்.

“எங்க வீட்டுக்காரரு மாரடைப்புல சாவல,” என்றாள். புங்கமரத்துக் குழாய் ஸ்பீக்கர் அதை மூன்று தெருவுக்குச் சொன்னது. “காரைக் கல்லு மேல நிறுத்திட்டு அடியில படுத்தாரு. கல்லு நொறுங்கிடுச்சு. சுவத்துக்கு அது நல்ல கல்லு. வண்டிக்கு ஆவாது. யாரு வீட்டுலயாவது அப்படி நின்னா இப்பவே போயி எறக்குங்க. அதுக்குன்னு இரும்புல ஸ்டாண்டு விக்கிது.”

“அண்ணிக்குத் துக்கத்துல புத்தி…” என்று ராஜராஜன் கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

“புத்தியெல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு ராஜராஜா.” கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தம்பி என்றே அழைத்தவள். “இன்னொருத்தன் செத்தா அவனுக்கும் நீயே பிளெக்ஸ் அடிச்சுடுவியா?”

பின்வரிசையில் ஒருவர் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியேறினார். அவர் பின்னாலேயே இன்னொருவர். கொஞ்ச நேரம் பொறுத்துப் பறைமேளக்காரர்கள், யாரும் சொல்லாமலே அடிக்க ஆரம்பித்தார்கள்.

பாடையைத் தூக்கும்போது முன்தோள் ஒன்று குறைந்தது. கஞ்சி போட்ட சட்டையோடு ராஜராஜன் அந்தப் பக்கம் இருந்ததால், தட்ட முடியாமல் அவர் தோளிலேயே மூங்கில் ஏறியது.

மேளம் ஆற்றங்கரை திரும்பியபோது மங்களாம்பிகையின் போன் அடித்தது.

“அம்மா…” மருதையனுக்கு மூச்சு வாங்கியது. “வெளிய இழுத்துட்டேம்மா. பாட்டுச் சத்தத்துல போனு கேக்கலையாம். பாதி கிரீஸ்ல இழுத்துட்டேன்னு என்னைத் திட்டுறான்.”

“திட்டட்டும்.”

“அய்யாவை எடுத்துட்டாங்களா?”

“எடுத்துட்டாங்க.”

அவள் போனை இடுப்பில் செருகினாள்.

“மங்களம், தலைக்கு ஊத்திக்க வாம்மா,” என்று பெண்கள் கூப்பிட்டார்கள். அவள் பட்டறைப் பக்கம் போனாள். முந்தாநாள் வார்த்து, இறுகத் தண்ணீர் விட வேண்டிய கல் வரிசை வரிசையாக, நேற்றிலிருந்து தண்ணீர் காணாமல் வெளுத்துக் கிடந்தது. மோட்டாரைப் போட்டாள். குழாயை இழுத்து வந்து கடைசி வரிசையிலிருந்து ஆரம்பித்தாள். சூடேறிய கல்லில் தண்ணீர் பட்டதும் ஸ்ஸென்று சத்தம் வந்தது.