ஸ்கோப்புக்குள் ஒரு தீக்காயம்

டப்பென்று ஒரு சத்தம். அதுவரை டி.வி. திரையில் தெளிவாகத் தெரிந்த சிறுநீரகத்தின் உட்புறம் கரும்புள்ளிகளாகச் சிதறி மங்கியது. டாக்டர் சந்திரன் பெடலிலிருந்து காலை வெடுக்கென்று எடுத்தார்.

லேசர் மெஷின் பக்கத்தில் நின்றிருந்த நர்ஸ் பொன்னம்மா அதை அணைத்தாள். ஒரு நொடிக்கு முன்னால் 'ரெடி' என்று சொன்னதும் அவள்தான்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம். மைசூரில் அந்த ஆஸ்பத்திரிக்கு வளைகிற ஸ்கோப் ஒன்றே ஒன்றுதான். பென்சிலைவிட மெல்லிய குழாய். சிறுநீர் வரும் வழியிலேயே ஏறி சிறுநீரகம் வரை போகும். அதற்குள்ளே லேசர் இழை. இழையின் நுனி வெளியே வந்து கல்லைத் தொடுவது திரையில் தெரிந்த பிறகுதான் சுட வேண்டும். நுனி உள்ளே இருக்கும்போது சுட்டால் கல்லுக்குப் பதில் ஸ்கோப் வெந்துபோகும். டாக்டரின் கண் பாதி நேரம் எக்ஸ்ரே படத்தில் இருக்கும். ஆகவே நுனியைத் தன் கண்ணால் பார்க்காமல் பொன்னம்மா 'ரெடி' சொல்ல மாட்டாள். அவள் சொல்லாமல் அவர் மிதிக்க மாட்டார்.

ஸ்கோப்பைக் கழுவவும் அவள் யாரையும் விடமாட்டாள். பெரிய வட்டமாகச் சுற்றி, துண்டு விரித்துக் கிடத்துவாள். "பாப்பா தூங்கிடுச்சா சிஸ்டர்?" என்பாள் கூட வேலை செய்யும் நர்ஸ் ஸ்ரீதேவி. மற்ற நர்ஸுகள் சிரித்துக்கொண்டே டிபன் பாக்ஸோடு கேன்டீனுக்குப் போவார்கள். பொன்னம்மா ஜன்னலோரம் நின்றபடி தன் சோற்றை முடித்துவிடுவாள்.

அன்று மேசையில் கிடந்தவள் பாப்பாயி. மாதேஸ்வரன் மலையில் தேங்காய்க் கடை வைத்திருப்பவள். இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் முழித்திருந்தாள். அவளுக்கு ஆபத்தில்லை. ஆனால் பாதிக் கல் உள்ளேயே நின்றுவிட, மீதிக்குப் பெங்களூருக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

ஸ்கோப்பைத் தண்ணீரில் முக்கிக் காற்றடித்தார்கள். நுனிக்குப் பக்கத்திலிருந்து குமிழிகள் வந்தன. ஓட்டை.

கழுவும்போது பொன்னம்மா எங்கோ மடக்கியிருப்பாள் என்று நிர்வாகம் முடிவு கட்டியது. ஸ்கோப் பழுது பார்க்க வெளிநாடு போனது. பொன்னம்மா துணி அறைக்குப் போனாள். அவள் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்று வாரம் படுக்கை விரிப்புகளோடு கழிந்தது. சாயங்காலம் அக்ரஹாரத்தில் இருக்கும் தன் ஒற்றை அறைக்கு நடந்தே போவாள். வழியில் பால் பூத்தில், "அர்த லிட்டர் ஹாலு கொடி" என்று கன்னடத்தில் அரை லிட்டர் பால் கேட்பாள். சில நாள் அவள் வாய்விட்டுப் பேசியது அது மட்டும்தான். அறைக்குள் போனதும் ரேடியோவைப் போட்டு வைப்பாள். என்ன பாடுகிறது என்று கவனிப்பதில்லை.

நான்காவது வாரம் டாக்டர் சந்திரனே துணி அறைக்கு வந்தார். கையில் ஸ்கோப் கம்பெனியின் கடிதம். ஓட்டை வெளியிலிருந்து விழவில்லை, குழாயின் உள்ளே லேசர் சுட்ட காயம். கழுவியதில் குறையே இல்லை என்று எழுதியிருந்தது.

"நீங்க ரெடி சொன்னப்புறம் என் கை அசைஞ்சு நுனி உள்ளே வழுக்கியிருக்கு. தப்பு என்னுதுன்னு எழுதிக் கொடுத்துட்டேன். ஆறு மாசம் நான் லேசரைத் தொடக்கூடாதாம். இருக்கட்டும். நீங்க நாளைக்கே தியேட்டருக்கு வந்துடுங்க."

பொன்னம்மா மடித்த விரிப்பைப் பிரித்து மறுபடி மடித்தாள். தலையை ஆட்டினால் போதும். நாளைக் காலை பச்சை உடுப்பு, தன் இடம், எல்லாம் திரும்பக் கிடைக்கும். எதிரே நிற்பவர்தான் ஆறு மாசம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

"மூணு வாரமா ஏன் சிஸ்டர் ஒரு வார்த்தை பேசலை?" என்று கேட்டார் அவர்.

விரிப்பை அலமாரியில் வைத்துவிட்டு அவள் திரும்பினாள்.

"உங்க கை அசையலை சார், நான்தான் திரையைப் பார்க்காமலே ரெடின்னுட்டேன்; மேசையில கிடந்த அந்த அம்மா மெதுவா, 'நீ ஹனூரு பொன்னம்மாதானே'ன்னாங்க, இந்த ஊருக்கு வந்த பதினோரு வருசத்துல என் பேரைச் சொல்லி ஒருத்தர் கேட்டது அதுதான் முதல் தடவை, திரும்பிப் பார்த்துட்டேன்."