பதினொரு பேர்

எங்கள் நாளிதழின் நான்காம் பக்கத்தில் ஒரு கட்டம் வரும். இன்றைய சொல், தெரியுமா, இந்த நாளில்: மூன்றும் என் தலையில்தான். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று நான் எழுதுவதைப் பள்ளிக்கூடங்களில் காலையில் மைக்கில் படிக்கிறார்கள். அதற்கு மேல் இந்த வேலையில் பெருமைப்பட ஒன்றும் கிடையாது.

ஏழு வருடங்களுக்கு முன் நான் நிருபர். மெத்தைத் தொழிற்சாலை தீப்பிடித்த அன்று, பக்கம் அச்சுக்குப் போகிற அவசரத்தில் ‘பதினொரு பேர் பலி’ என்று எழுதிக் கொடுத்தது நான்தான். பன்னிரண்டாவது ஆள் என் அத்தான், அக்காவின் கணவர். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்து இறந்துபோனார். அந்தச் செய்தியைக் கொடுத்திருக்க வேண்டிய நிருபர், அதாவது நான், பிணவறை வாசலில் அக்காவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு யாரும் கொடுக்கவில்லை. ஆக, எங்கள் பேப்பரைப் பொறுத்தவரை அத்தான் சாகவே இல்லை.

பழைய பேப்பரைப் பார்த்தே எழுத வேண்டும் என்பதால், ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் கட்டத்தில் பதினொன்று என்றே வரும். உடனே அக்காவின் ஃபோனும் வரும்.

“ஏன்டா, உங்க கணக்குல அவர் ஒரு ஆளே இல்லையா?”

இந்த வருடம் அவள் மகள் ஐந்தாம் வகுப்பு. அதே தேதியில் கட்டத்தைப் படிக்கும் முறை அவளுக்கு வந்து தொலைத்தது.

“அவ வாயாலயே அவ அப்பாவ விட்டுட்டுப் படிக்கக் கூடாதுடா,” என்றாள் அக்கா.

“மாத்திடறேன்க்கா.”

மாற்றினேன், திருட்டுத்தனமாக. பன்னிரண்டு என்று அடித்து அனுப்பிவிட்டேன். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. சொன்னால், அன்றைக்குச் செய்தி தராமல் கோட்டை விட்டது நான்தான் என்பதையும் சொல்ல வேண்டிவரும். வெட்கமாக இருந்தது.

காலையில் பேப்பரைப் பிரித்தால், பதினொன்று. மெய்ப்பு பார்ப்பவருக்கு ஃபோன் போட்டேன். பழைய பேப்பரோடு ஒத்துப் பார்க்காமல் இந்தக் கட்டத்தை விடக்கூடாது என்பது அலுவலக விதி. மனிதர் அதில் கில்லாடி.

“நல்லவேளை தம்பி, என் கண்ணுல பட்டுச்சு. பழைய பேப்பர எடுத்துப் பாத்தேன். நீங்க எழுதினதே பதினொண்ணுதானே! ஒரு டீ வாங்கித் தரணும் நீங்க.”

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அக்காவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அதற்குள் பள்ளிக்கூட மணி அடித்திருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. மகள் சீருடைகூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

“நான் பன்னெண்டுன்னுதான் படிச்சேன் மாமா. மிஸ் நிறுத்திட்டு பேப்பரக் காட்டினாங்க. எங்கப்பாவையும் சேத்துதான் மிஸ்னு சொன்னேன். பேப்பர்ல இருக்கறதத்தான் படிக்கணும்னுட்டாங்க.”

“திரும்பப் படிச்சியா?”

“படிச்சேன். எல்லாரும் கை தட்டினாங்க.”