கடைசி வரிசை வயலின்

சவப்பெட்டியை மூடப் பெட்டிக்காரர் மூடியைத் தூக்கியபோதுதான் ஆல்வின் வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தான். கறுப்புக் கோட்டு, கறுப்பு டை. துக்கத்துக்குப் போட்ட உடுப்பல்ல, சாயங்காலக் கச்சேரிக்குப் போட்டது. பெட்டிக்குள் தமிழினியின் அப்பாவும் அதே உடுப்பில்தான் கிடந்தார்.

எட்மண்ட் வாத்தியார் நேற்று விடிகாலை மாரடைப்பில் போனார். இன்று மட்டும் இருந்திருந்தால், உலகமே கொண்டாடும் ஒரு வயலின்காரர் முன்னால் நிற்க, பின்னால் ஆர்கெஸ்ட்ராவின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். மகள் தமிழினி இதை ஆபீஸ், அபார்ட்மெண்ட், சொந்தக்காரர் என்று ஒரு குரூப் விடாமல் அனுப்பியிருந்தாள். இரும்புலியூர் முழுக்க அதே பேச்சு. போதகர்கூட ஜெபத்தில் அதைச் சொல்லிவிட்டார்.

ஆல்வின் அவள் காதருகே குனிந்தான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. சார் நெஞ்சு மேல இருக்கே, அந்த மியூசிக் நோட்ஸ் ஃபைல் வேணும். ரெண்டு பேருக்கு ஒரே ஃபைல்தான். நானும் சாரும் ஒரே ஸ்டாண்டுல ஜோடி. வீட்ல பிராக்டிஸ் பண்ண சார் எடுத்துட்டு வந்துட்டார். ஆறரைக்குக் கச்சேரி."

தமிழினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிணத்தின் மேல் இருப்பதைக் கேட்கிறானே, என்ன ஜென்மம்! ஆனால் அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. கையை நீட்டினாள்.

"தொடாதடி," என்றாள் அம்மா. நேற்றிலிருந்து வாயே திறக்காதவள். "அது அவர்கூடவே போகட்டும்."

"போட்டோ எடுத்துட்டு வெச்சுடறேம்மா. ரெண்டே நிமிஷம்."

அம்மா தடுப்பதற்குள் ஃபைலைப் பிரித்துவிட்டாள்.

முதல் இரண்டு பக்கங்களில், வில் மேலே போகவும் கீழே வரவும் பென்சில் குறிகள். மூன்றாவதிலிருந்து அப்பாவின் கையெழுத்து, கோணல்மாணலாக: 'வாசிக்காதே.' அடுத்ததிலும் 'வாசிக்காதே.' கடைசிப் பக்கம் முழுவதையும் கட்டம் கட்டி, 'வில்லை மட்டும் ஆட்டு. தந்தியில் படக்கூடாது.'

"என்ன ஆல்வின் இது?"

அவன் தரையைப் பார்த்தான். "சாருக்குக் கை நடுங்குதுன்னு போன மாசமே ஆர்கெஸ்ட்ரா மாஸ்டர் வேணாம்னுட்டார். சார் ரொம்பக் கெஞ்சினார். சத்தம் வராம சும்மா உட்காந்துக்கட்டும்னு விட்டாங்க."

ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தது தமிழினிதானே. அம்மா பார்த்துவிடப் போகிறாளே என்று ஃபைலைப் பட்டென்று மூடினாள்.

"எங்கிட்ட என்னத்த மறைக்கிற?" என்றாள் அம்மா தணிந்த குரலில். "ஒரு மாசமா கதவைச் சாத்திக்கிட்டு பிராக்டிஸ் பண்ணாரு. ஒரு சத்தம் வெளிய வரல. எனக்குத் தெரியாதா?"

"அதான் பெட்டியில வெச்சியா?"

அம்மா ஆல்வினைப் பார்த்தாள். "இதை வேற யாராவது பாப்பாங்களா?"

"பாப்பாங்க ஆன்ட்டி. வாடகை நோட்ஸ். கச்சேரி முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடணும்."

"ரப்பர் வெச்சிருக்கியா?"

அவன் கோட்டுப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தான். பின்முனையில் ரப்பர் இருந்தது.

"வில்லுக்குப் போட்ட குறி உனக்கு வேணும், அத விட்டுடு. எழுத்த மட்டும் அழி."

ஆல்வின் பெட்டியின் விளிம்பில் ஃபைலை வைத்து அழிக்க, தமிழினி பக்கம் பக்கமாகத் திருப்பினாள். தெருவில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். பெட்டிக்காரர் மூடியைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றார். ரப்பர் துகள்கள் அப்பாவின் விரல்கள்மேல் உதிர்ந்தன. அம்மா குனிந்து, முந்தானையால் அவற்றைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.