மூன்று பனியன்

என் அண்ணன் ஹாலிதுக்குப் பதினாறு வயது. ஊதினால் பறந்துவிடுவான். அதை அத்தாவிடம் மறைக்க அவன் பட்ட பாடு இருக்கிறதே, யா அல்லாஹ்! குவைத்திலிருந்து அத்தா வீடியோ காலில் வரும்போதெல்லாம் சட்டைக்குள் மூன்று பனியன் போட்டுக்கொண்டுதான் வந்து உட்காருவான். ஜிம்முக்குப் போகிறேன் என்று வேறு அளந்துவிட்டிருந்தான். அத்தாவும் அதை நம்பி, ரூமில் இருப்பவர்களிடமெல்லாம் பெருமையடித்திருக்கிறார்.

இரண்டு வருடம் கழித்து அத்தா ஊருக்கு வந்தார். மே மாத வெயிலில் ஏர்போர்ட்டுக்கும் மூன்று பனியனோடு வந்து தொப்பலாக நனைந்து நின்றது இந்த லூசு. கட்டிப்பிடித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று ஸலாம் சொல்லிக் கை மட்டும் கொடுத்தான். தொளதொள ஜிப்பாவில் வந்த அத்தாவும் அதோடு விட்டுவிட்டார்.

வந்த அன்றே சொந்தக்காரர்கள் முன்னால் பெட்டியைப் பிரிப்பது எங்கள் பாலக்கரை வீட்டு வழக்கம். யாருக்கு என்ன துணி வந்ததோ, அங்கேயே போட்டுக் காட்ட வேண்டும். அண்ணனுக்கு வந்தது டபுள் எக்ஸெல் டீ ஷர்ட். சட்டையைக் கழற்றச் சொன்னார் ஜமால் மாமா. அண்ணன் முகம் செத்துப்போயிற்று. அறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

அம்மா கெஞ்சியும் திறக்கவில்லை. உள்ளே அழுகிறான் என்று எனக்குத் தெரிந்தது. பொறுக்க முடியாமல் பனியன் கதையை அத்தாவிடம் போட்டு உடைத்தேன்.

அத்தா திட்டவில்லை. கதவுக்கு முன்னால் போய் நின்று ஜிப்பாவைக் கழற்றினார். தொப்பை என்றால் அப்படியொரு தொப்பை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"கதவைத் திறடா. கூச்சப்பட்டுக்கிட்டு நானும் ரெண்டு வருஷமா போன்ல கழுத்துக்குக் கீழே காட்டவே இல்ல. நீ என்னைப் பாரு, நான் உன்னைப் பார்க்கிறேன். அப்புறம் சோறு திங்கலாம்."

தாழ்ப்பாள் விலகியது. அண்ணன் வெறும் உடம்போடு வந்தான். விலா எலும்பை எண்ணிவிடலாம். அத்தா அவனை அப்படியே இழுத்துக் கட்டிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணனோ டீ ஷர்ட்டை எடுத்து அத்தாவுக்கு மாட்டிவிட்டான். அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. வீடே சிரித்தது.

நாலு மாதம் ஒழுங்காக ஜிம்முக்குப் போனால் உடம்பு ஏறிவிடும் என்று ஜமால் மாமா ஆறுதல் சொன்னார். அண்ணன் மார்பை மறைக்காமல் நடுக்கூடத்தில் நின்றபடி, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"அடுத்த வாட்டி எனக்கு ஸ்மால் வாங்கிட்டு வாங்கத்தா."