நிறுத்தவில்லை என்று சொல்ல வந்தவள்

கரும்பலகையில் 'வெயிட்' என்று எழுதி, பக்கத்தில் 'ஃபார்' என்று எழுதி, இரண்டையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டான் ரோஹெர். "இது ரெண்டும் புருஷன் பொண்டாட்டி மாதிரி. பிரிக்கக் கூடாது."

"நம்ம ஊர்ல அதெல்லாம் தாராளமா பிரியுது வாத்தியாரே," என்றாள் அழகுநிலையம் வைத்திருக்கும் ஐரிஸ். சபைக்கூடத்தில் இருந்த ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள்.

டெல்மி சிரிக்கவில்லை. "ஒருத்தருக்காகக் காத்திருக்கேன்னா நேரா அவங்கள சொன்னா போதாதா தம்பி? நடுவுல இது எதுக்கு?"

"காரணம் கேக்காதீங்கக்கா. எனக்கே தெரியாது. வாயில அப்படித்தான் வரும்."

உண்மையிலேயே அவனுக்குத் தெரியாது. கைக்குழந்தையாக ஹூஸ்டனுக்குத் தூக்கிப் போகப்பட்டவன். அங்கேயே வளர்ந்து, மீசை நரைக்கத் தொடங்கிய பிறகு, குடியுரிமை இல்லையென்று கைவிலங்கோடு விமானத்தில் ஏற்றி அனுப்பப்பட்டவன். பிறந்த ஊரான இந்த எல் ப்ரோக்ரேசோவில் வந்து இறங்கியபோது ஸ்பானிஷில் ரொட்டி கேட்கவே தடுமாறினானாம். இப்போது கால் சென்டரில் வேலை. சனிக்கிழமை மதியங்களில் இந்த ஆங்கில வகுப்பு. மற்றவர்கள் அவனைப் போல வேலை கிடைக்கும் என்று வந்தார்கள். டெல்மி தன் மகளிடம் பேசுவதற்காக வந்தாள்.

எங்கள் ஸ்பானிஷில் காத்திருப்பதற்கும் நம்புவதற்கும் ஒரே சொல்தான். ஆங்கிலத்தில் அவற்றை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்த வாரத்தில், தையல் ஆலைக்குப் போகும் பேருந்தில் டெல்மி அதையே யோசித்துக்கொண்டு போனாள். அப்படியானால் நம்பிக்கை இல்லாமலே காத்திருக்க அந்த ஜனங்களால் முடியுமா? முடியும் போலிருக்கிறது. அதற்கென்று தனியாக ஒரு சொல்லே வைத்திருக்கிறார்களே.

ரோஹெரைப் போல அவளும் அந்த நாட்டில் இருந்தவள்தான், கோழி வெட்டும் ஆலையில் வேலை பார்த்தவள். ஒரு நாள் காலையில் குடியேற்ற அதிகாரிகள் வாசல்களை அடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். மூன்று வயது மகள் ஹெனெசிஸ் பக்கத்து வீட்டில் இருந்தாள். பிள்ளை இருக்கிறாள், பிள்ளை இருக்கிறாள் என்று டெல்மி ஸ்பானிஷில் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. தடுப்புக் காவலில் சில மாதங்கள், பிறகு விமானம். அந்தப் பக்கத்து வீட்டுக்காரியையும் அடுத்த சோதனையில் பிடித்துக்கொண்டு போனார்கள். பிள்ளை அரசாங்கத்தின் கைக்குப் போனாள். ஊர் திரும்பிய நாளிலிருந்து டெல்மி தெரிந்த எண்ணுக்கெல்லாம் அழைத்தாள். தூதரகத்துக்கு அழைத்தாள், ஆலைக்கு அழைத்தாள், ஒரு பாதிரியாருக்கு அழைத்தாள். எடுத்தவர்கள் எல்லாரும் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி வைத்துவிட்டார்கள். அவள் ஒரு வழியாகக் கண்டுபிடித்தபோது, தாய் தொடர்பிலேயே இல்லை என்று தீர்மானித்து நீதிமன்றம் பிள்ளையை ஒரு தம்பதிக்குத் தத்துக் கொடுத்திருந்தது. பிள்ளைக்கு இப்போது பெயர் ஜென்னி. ஸ்பானிஷ் ஒரு சொல்லும் நினைவில்லை. வளர்ப்புத் தாய் சூசன் பெரிய மனது பண்ணி, மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் வீடியோவில் பேசலாம் என்றாள்.

இதுவரை பேசியதெல்லாம் ஹலோ, ஹவ் ஆர் யூ, ஸ்கூல் குட் என்பதோடு முடிந்தது. பிள்ளை பண்பாகப் பதில் சொல்வாள், விருந்தாளியிடம் சொல்வதைப் போல.

"இந்தத் தடவை ஒரே ஒரு விஷயம் சொல்லிடணும் தம்பி," என்றாள் டெல்மி, வகுப்பு கலைந்த பிறகு. "நான் அவள விட்டுட்டுப் போகல. தேடிக்கிட்டேதான் இருந்தேன். ஒரு நாளும் நிறுத்தல."

 ரோஹெர் மெதுவாகச் சொன்னான்: "ஐ நெவர் ஸ்டாப்ட் லுக்கிங் ஃபார் யூ."

அவள் அதை மனப்பாடம் பண்ணினாள். தையல் எந்திரத்தின் இரைச்சலுக்குள் சொன்னாள். கழுத்துப்பட்டி தைக்கும்போது சொன்னாள், பீன்ஸ் வேகும்போது சொன்னாள். வழக்கமாகத் தவறவிடும் அந்த 'ஃபார்' விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் அவளுக்குப் பயம். அதைக் கையில் முட்டையைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல சட்டை போட்டுக்கொண்டு, சுவர்ப்பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையில் ஹெனெசிஸ் வந்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அதைப் பார்த்ததும் டெல்மிக்கு எல்லாம் மறந்து போனது. விழுந்த பல்லை யார் வாங்கி வைத்தார்கள்? கேட்க ஆங்கிலம் இல்லை.  அவசர அவசரமாகத் தன் வாக்கியத்தைத் தேடி எடுத்தாள்.

"ஐ நெவர் ஸ்டாப்ட் டு லுக் ஃபார் யூ."

'ஃபார்' விழவில்லை. தன் இடத்தில் சரியாக வந்து நின்றது.

 பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, "ஐ நோ. மாம் டோல்ட் மீ," என்றாள்.

தெரியும். அம்மா சொன்னாங்க. ஒவ்வொரு சொல்லும் டெல்மிக்குப் புரிந்தது. அந்த வாரம் முழுக்க ஆலையில் அவள் முகத்தைப் பார்த்து, என்ன, கல்யாணமா என்று கேலி செய்தார்கள்.

சனிக்கிழமை வகுப்புக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். பீன்ஸ் தடவிய பாலெயாதா ரொட்டி சுட்டுப் பொட்டலம் கட்டி எடுத்து வந்திருந்தாள். "தம்பி, சொல்லிட்டேன்! அவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. அந்தம்மா நல்லவங்க, முன்னாடியே சொல்லி வச்சிருக்காங்க."

"எப்படிச் சொன்னீங்க? அப்படியே ஒரு தடவ சொல்லுங்கக்கா."

சொன்னாள். ரொட்டியைக் கடித்த வாயோடு ரோஹெர் அப்படியே நின்றான்.

"என்ன தம்பி? ஃபார் வந்துச்சே?"

"வந்துச்சுக்கா."

"அப்புறம்?"

அவன் பொட்டலத்தை பெஞ்சில் வைத்தான். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று அவன் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. "அந்த 'டு' வரக் கூடாதுக்கா. அது வந்தா அர்த்தம் மாறிடும். தேடுறத நிறுத்தலன்னு வராது." வாயிலிருந்ததை விழுங்கினான். "உன்னத் தேடணும்னு ஒரு நிமிஷம்கூட நான் நின்னதில்லன்னு வரும்."

வெளியே யாரோ தர்பூசணி விற்றுக்கொண்டு போனார்கள். டெல்மி உதடுகளை அசைத்துப் பார்த்தாள். முதலில் 'டு' இல்லாமல், பிறகு 'டு'வோடு.

"அதுக்குத்தான் அவ, தெரியும்னு சொன்னாளா?"

ரோஹெர் பொட்டலத்தின் தாளை மறுபடி மடித்தான்.

"அந்தம்மா அப்படித்தான் சொல்லி வச்சிருக்காங்களா? நான் தேடவே இல்லன்னு?" அவள் குரல் உயரவில்லை. "நானும் ஆமான்னு சொல்லிட்டேனா தம்பி?"

"இப்பவே எழுதி அனுப்பிடலாம்க்கா. தப்பா சொல்லிட்டாங்கன்னு நானே எழுதறேன்." அங்கேயே உட்கார்ந்து நீளமாக எழுதி அனுப்பினான். சூசனின் பதில் வர இரண்டு நாள் ஆனது. ரோஹெர் அதை அவளுக்கு வாசித்துச் சொன்னான். மொழிக் கஷ்டம் தனக்குப் புரிகிறது என்று எழுதியிருந்தாள். ஆனால் ஜென்னி அந்த அழைப்புக்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. இனி பேச வேண்டாம் என்று அவளே சொல்கிறாள். அவளாகக் கேட்கும்வரை விட்டுவிடுவதுதான் நல்லது என்று ஆலோசகரும் சொல்கிறார். கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும்.

"அவளாக் கேக்குற வரைக்கும்னா, எவ்வளவு நாள்?"

"அது இதுல போடலக்கா."

டெல்மி மறுபடி அழைத்துப் பார்த்தாள். மணி அடிக்கவே இல்லை.

அந்த வாரம் மலையில் நல்ல மழை. ஆலை விட்டுத் திரும்பும்போது உலூவா ஆற்றுப் பாலத்தின் மேல் போக்குவரத்து நின்றுவிட்டது. ஜனங்கள் பேருந்திலிருந்து இறங்கிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தண்ணீரைப் பார்த்தார்கள். டெல்மியும் இறங்கினாள். வாழை மரங்கள் குலையோடு வந்தன. ஒரு கதவு வந்தது. அதற்குப் பின்னால் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, கவிழாமல், நிமிர்ந்தபடியே மிதந்து வந்தது. பாலத்துக்கு அடியில் நுழைந்தபோது எல்லாரும் மறுபக்கச் சுவருக்கு ஓடினார்கள். அவளும் ஓடினாள். அது அந்தப் பக்கமும் நிமிர்ந்தே வெளியே வந்தது. சுழலில் ஒரு முறை திரும்பி அவர்களைப் பார்த்து நின்றது. பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு, பழுப்புத் தண்ணீரில் கடலின் பக்கமாகப் போயிற்று.