நாகணவாய் மூச்சு வாங்கும் இடம்

அறநெறிப் பாடசாலையில் ஞாயிறு காலை வகுப்பு முடிந்ததும், அங்கிருந்த டிவிடி பிளேயரை இரவல் வாங்கி, மழை படாதிருக்க அரிசிப் பையொன்றில் பொதிந்து, ஹட்டனிலிருந்து டிக்கோயா வரை பேருந்தில் மடிமீது வைத்துக்கொண்டு வந்தேன். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது என் மனைவி ஜீவராணி தலைக்குக் குளித்து, முன்னறையைத் துடைத்து, சுவாமி படத்துக்கு விளக்கேற்றியிருந்தாள். அன்று விரதநாள் ஏதுமில்லை. தொலைக்காட்சிக்கு எதிரே இரண்டு நாற்காலிகள் இடப்பட்டிருந்தன.

"பாட்டு எந்த எடத்துலங்க வரும்?" என்று கேட்டாள்.

"கடைசியில. ஒரு மணி நேரம் ஆகும்."

"ஆகட்டும். மொதல்ல இருந்தே போடுங்க."

திருநீர்க்குடிப் புராணம் நானூறு பாடல்களுக்குச் சற்று மிகுந்த சிறு நூல். அதிலே பதினேழு பாடல்களாலான படலமொன்றைக் கொழும்பு இளைஞர் சிலர் ஈராண்டு வரைந்து சித்திரப்படமாக ஆக்கியிருந்தனர். ஆற்றுவெள்ளம் ஆலயத்து மணியை அடித்துச் செல்கிறது. மூடுபனியில் அடியவர்க்குக் கோயிலின் திசை தெரியவில்லை. வில்வமரத்தில் வாழ்ந்த நாகணவாய்ப்புள், இக்காலத்தார் மைனா என்பது, மணிக்குப் பதிலாகத் தான் பாடி அவர்களை அழைக்கிறது. அப்பறவைக்குக் குரல் கொடுத்தவள் எங்கள் மகள் சுதர்ஷினி. கொழும்பில் முன்பள்ளியொன்றில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சென்ற ஆண்டு புரட்டாசியில் படம் ஹட்டனில் இரண்டு நாள் திரையிடப்பட்டது. நாங்கள் மூவரும் சேர்ந்தே பார்த்தோம். விஜிதரன் தன் அச்சகத்திலிருந்து வெளியிடும் மாத இதழில் நான் நெடுநாளாக நூல்மதிப்புரை எழுதி வருகிறேன். இதற்கும் நானே எழுதினேன். மகள் என்பதற்காகச் சலுகை காட்டினான் என்று எவரும் சொல்லலாகாது என்னும் செருக்கு எனக்கிருந்தது. ஆதலின், எல்லாவற்றையும் பாராட்டியபின் இறுதியில் இப்படி எழுதினேன்: 'மணிவாய் அவியினும் என்வாய் உளதே, ஒருபெயர் சொல்ல உயிர்ப்பும் உளதே என்னும் அடிகளில், ஒருபெயர் என ஒன்றி நிற்க வேண்டிய சீரைப் பாடகி நடுவே மூச்செடுத்துப் பிளந்துவிட்டார். இல்லங்களுக்கு வரும் பதிப்பிலேனும் இது திருத்தப்படுதல் நன்று.'

இதழ் கைக்குக் கிடைத்த அன்றே அவள் தொலைபேசியில் அழைத்தாள்.

"ஏம்ப்பா, ஊருக்கெல்லாம் பாராட்டு, எனக்கு மட்டும் பெரம்பா?"

"பிளந்தா பிளந்ததுதாம்மா."

"மைனாவுக்கு யாப்பெல்லாம் தெரியுமாப்பா? அது ஆத்துக்கு மேல பறந்து வந்து ஒக்காந்து பாடுது. மூச்சு வாங்காதா?"

"கேக்குறவங்களுக்குப் பறவை எதுக்கு? பாட்டுதானே முக்கியம்."

"சரிங்க வாத்தியாரே. அடுத்த தடவ தம் கட்டிப் பாடிர்றேன்."

சிரித்தாள். சிரிப்பின் நடுவே இருமுறை நிறுத்தினாள். அதையும் சிரிப்பின் பகுதி என்றே கொண்டேன்.

மாசியில் இறந்தாள். சிறுவயதுக் காய்ச்சலொன்றில் அவளுடைய இதயத்தின் வால்வு சுருங்கிப்போயிருந்ததாம். படி ஏறும்போது பிள்ளைக்கு மூச்சு வாங்கியதா என்று வைத்தியர் வினவியபோது, "எல்லாருக்குந்தானே வாங்கும், டாக்டர்" என்றாள் ஜீவராணி. பெருந்தெருவிலிருந்து எங்கள் வீட்டுக்கு நூற்றுப் பதினான்கு படிகள். மேலே வந்ததும் யாவரும் இடுப்பில் கைவைத்துச் சற்று நிற்பர். அவளும் நின்றாள். அதனை நோயென்று எண்ண எங்களுக்குத் தோன்றவில்லை.

அதன்பின் நான் ஒருநாளும் காலையில் பதிகம் ஓதத் தவறியதில்லை. பண் பிறழவில்லை, எழுத்தொன்றும் வழுவவில்லை. ஓதி முடித்ததும் திருநீறணிந்து, தேநீர் குடித்து, பாடசாலைக்குப் புறப்படுவேன். முன்பெல்லாம் சில அடிகளுக்குக் கண் நிறையும். இப்போது அவ்வடிகளும் மற்றவற்றைப் போலவே வாயைக் கடந்து செல்கின்றன. "சாருக்கு சாமிதான் பலம்" என்று அயலார் சொல்லிக்கொள்கிறார்கள். நான் மறுப்பதில்லை.

இல்லங்களுக்கான பதிப்பின் இறுவட்டு, அதாவது டிவிடி, சென்ற வியாழனன்று வந்தது. விஜிதரன் அதை உறை பிரிக்காமலே நீட்டினான். "வேணாம்னா சொல்லுங்க சார். நானே நாலு வரி கிறுக்கிப் போட்டுர்றேன். நம்ம வாசகர் ரெண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியவா போவுது?" வழக்கமாக நான், அந்த இரண்டாமவர் யாரப்பா என்று கேட்பேன். அன்று கேட்கவில்லை. வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஜீவராணியின் தொலைபேசியில் மகளின் குரல் பதினொரு துணுக்குகளாக இருந்தது. சாப்பிட்டாயிற்றா, பேருந்தில் ஏறிவிட்டேன், குளிராயிருக்கிறதா என்பனவே யாவும். அவள் பாடியது இந்தப் படத்தில் மட்டுமே. இறுவட்டைப் பார்த்த நாள்முதல் ஜீவராணி ஞாயிற்றுக்கிழமையை எண்ணிக்கொண்டிருந்தாள்.

படம் ஓடியது. பழக்கத்தின் வலிமையால் குறிப்பேட்டை முழங்காலில் வைத்துக்கொண்டேன். வண்ணங்கள் திரையரங்கில் கண்டதினும் தெளிவு என்று எழுதினேன். வெள்ளம் வந்தது, மணி கயிறறுத்து நீரில் உருண்டது. வில்வமரம் பனிக்குள் கரைந்தது. ஜீவராணி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு முன்னே சாய்ந்தாள். பறவை கிளையில் வந்தமர்ந்து அலகைத் திறந்தது.

குரல் இனிதாயிருந்தது. முதலடி பிசிறின்றி ஏறியது. இரண்டாமடியில் ஒருபெயர் என்பது ஒன்றியே நின்றது. எங்கும் மூச்செடுக்காமல் உளதே வரை ஓடி நிறைந்தது. அவ்விடத்தில் குரலும் அலகும் சற்றே ஒத்திசையவில்லை என்று என் கை எழுதிற்று. எழுதியபின்தான் ஜீவராணி பேசினாள்.

"இது அவ இல்லீங்களே."

பனி விலகி, அடியவர்கள் ஆற்றைக் கடந்து, பெயர்ப்பட்டியல் மேலெழத் தொடங்கியது. இறுவட்டின் உறைக்குள் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து விரித்தேன். நாகணவாய்க்கு நேரே நான் அறியாத ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. கீழே சிறிய எழுத்தில்: 'இறுதிப் பாடல் இப்பதிப்புக்கெனத் தை மாதத்தில் புதிதாக ஒலிப்பதிவு செய்யப்பட்டது. பாடலின் பிழையைச் சுட்டிய ஹட்டன் விமர்சகர் இராமையா அவர்களுக்கு எம் நன்றி.'

தை மாதத்தில் அவள் உயிரோடிருந்தாள். பொங்கலுக்கு வந்து மூன்று நாள் தங்கியும் சென்றாள். அவளை அழைத்து மறுபடி பாடச் சொன்னார்களா, அவள் தம் கட்டிப் பாடிப் பார்த்தாளா, எத்தனை முறை பார்த்தாள், எதனையும் நான் அறியேன். எங்களிடம் அவள் சொல்லவில்லை. தாளை வந்த மடிப்பிலேயே மீண்டும் மடித்தேன். அதைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டால் அது அங்கேயே இருந்துவிடும் என்பதையும் எண்ணிப் பார்த்தேன்.

"ஏங்க மாத்தினாங்க?"

"நான் எழுதினேன்."

"என்னான்னு?"

"நடுவுல மூச்செடுத்தது பிழைன்னு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. பெயர்கள் ஏறிக்கொண்டிருந்த திரையைப் பார்த்தாள். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் அதைப் பற்றிக்கொண்டு ஏதேனும் ஓரிடத்துக்குச் சென்று சேரலாம் என்றும் நினைத்தேன்.

"அன்னைக்கு நீங்க எழுதினத வாசிச்சுக் காட்டுறேம்மான்னு போன்ல சொன்னா," என்றாள் ஜீவராணி. "ரொட்டி கருகுது, அப்புறம் பேசுடின்னு வச்சிட்டேன்."

கூரைத் தகரத்தில் மழை வலுத்தது. திரை கறுத்து, படத்தின் முதற்பக்கத்துக்குத் தானே திரும்பி நின்றது.

"திரும்பப் போடுங்க."

"அவ அதுல இல்லியே, ராணி."

"போடுங்கன்னா. சத்தம் வேணாம்."

ஒலியை முற்றாகக் குறைத்துப் பாடல் வரும் இடத்துக்குக் கொண்டுசென்றேன். ஜீவராணி இருபத்தொரு ஆண்டுகளாகத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்பவள். கொழுந்தெடுக்கச் செல்லும் தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகளை ஏணைகளில் உறங்கவைத்துவிட்டு, ஒவ்வொன்றின் முன்னும் குனிந்து நின்று மார்பைப் பார்ப்பாள். அது ஏறி இறங்குவதைக் கண்டபின்னரே அடுத்த ஏணைக்கு நகர்வாள். அவ்விதமே இப்போது நாற்காலியை விட்டெழுந்து, தொலைக்காட்சியின் முன் குனிந்து நின்றாள்.

பறவை ஓசையின்றிப் பாடியது.

"இந்தா," என்றாள். "வாய மூடுது பாருங்க."

பின்னோக்கி ஓட்டி மறுபடி வைத்தேன். முதலடி முடிந்தது. இரண்டாமடியில் இரண்டெழுத்துக்கு அலகு திறந்தது. பின் மூடியது. மஞ்சள் வளையமிட்ட கண் ஒருமுறை இமைத்தது. கழுத்தின் கீழ்க் கரிய இறகுகள் விலக, சிறிய மார்பு மெல்ல உயர்ந்து, அரைக்கணம் நின்று, தாழ்ந்தது. அதன்பின்னரே அலகு மறுபடி திறந்தது. அவள் பாடியதைக் கேட்டுக் கேட்டு வரைந்தவர்கள் அவளுடைய மூச்சையும் வரைந்திருந்தார்கள். குரலை மாற்றியவர்கள் சித்திரத்தை மாற்றவில்லை.

என் முழங்காலில் குறிப்பேடு திறந்தபடி கிடந்தது. குரலும் அலகும் ஒத்திசையவில்லை என்னும் வரி அதிலே இருந்தது. விஜிதரனுக்குப் புதன்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். இதழ் கொழும்புக்கும் செல்லும். அவர்கள் கவனமுள்ளவர்கள், சுட்டினால் திருத்துவார்கள்.

"இன்னொருக்கா," என்றாள் ஜீவராணி.

பின்னோக்கி ஓட்டினேன். பறவை பின்புறமாகப் பறந்து பனிக்குள் மறைந்து, மீண்டும் வெளிவந்து, கிளையில் அமர்ந்தது. ஜீவராணி ஈரம் உலராத கூந்தலை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, முகத்தைத் திரைக் கண்ணாடியின் அருகே கொண்டுசென்றாள். பறவை பாடத் தொடங்கியது. இரண்டாமடியில் அலகு மூடியது. அவளுடைய வலக்கை தானாக உயர்ந்து, உறங்கும் பிள்ளையைத் தொடுவதுபோல், திரையில் அந்த மார்பின்மேல் படிந்தது.