வீரய்யா அடைத்த பாதை

தேயிலைத் தோட்டத்து எல்லை முழுக்க முள்ளுக்கம்பி அடிக்கும்படி துரை உத்தரவு போட்டபோது தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லோரும் முணுமுணுத்தார்கள். வீரய்யாவுக்கு மட்டும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கம்பி அடிக்கும் ஆட்களுக்கு அவன்தான் பொறுப்பு. வேலை முடிந்ததும் கேட் காவலும் அவனுக்கே என்று கணக்குப்பிள்ளை சொல்லியிருந்தார். இருபது வருஷம் மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவனுக்கு, கோட்டுப் போட்டுக்கொண்டு உட்காருகிற வேலை கசக்குமா?

கொழுந்து களவு போகிறது, தொழிற்சங்கத்துக்காரர்கள் லயத்துக்குள் நுழைகிறார்கள் என்று துரைக்கு எரிச்சல். தோட்டத்து ஆள்பதிவான செக்ரோலில் பேர் இல்லாத யாரும் அவர் கையெழுத்துப் போட்ட துண்டுச்சீட்டு இல்லாமல் உள்ளே வரக் கூடாது என்றார். இலங்கை அரசாங்கம் எங்கள் பிரஜாவுரிமையைப் பறித்து, நாட்டுக்கே நாங்கள் வெளியாட்கள் என்று சொல்லி நாலு வருஷம் ஆகியிருந்தது. அந்த வலி தெரிந்தவன் கையாலேயே வேலி போட வைத்தார்கள். அவனும் பல்லைக் காட்டிக்கொண்டு போட்டான்.

போட்டதோடு நின்றானா? ஓடைப் பக்கம் புதர்ப் பற்றைக்குள் ஒரு குறுக்குப்பாதை இருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்கு அரை மணி நடை. ரோட்டைச் சுற்றினால் ஏழு மைல். துரைக்கு அந்தப் பாதை தெரியாது. வீரய்யாவே வலியப் போய்க் காட்டிக்கொடுத்தான். துரை சிரித்தாராம். அந்தச் சிரிப்புக்காக அங்கே மட்டும் ஏழு வரிசைக் கம்பியை நெருக்கி நெருக்கி அடித்தான். வெளியாள் என்றால் அவன் மனசில் களவாணிதான். பக்கத்துத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்ட தன் மகள் வடிவு அவனுக்கு ஞாபகம் வரவேயில்லை.

வடிவுக்கு ஒன்பதாம் மாசம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? ஒரு சனிக்கிழமை மத்தியானம் புருஷன் சின்னத்தம்பியோடு அந்தப் பாதையில் வந்தவள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டாள். இந்தப் பக்கம் வீரய்யா கம்பியை இறுக்கிக்கொண்டிருந்தான்.

"அப்பா, கம்பிய கொஞ்சம் தூக்கிப் புடிங்கப்பா."

தூக்கினான். நரி நுழையக்கூட இடமில்லை.

"இரும்மா, துண்டு வாங்கிட்டு ஓடியாறேன்" என்று ஆபீசுக்கு ஓடினான்.

கணக்குப்பிள்ளை தலை நிமிரவில்லை. "ஒன் மக பேரு எந்தத் தோட்டத்து செக்ரோல்ல இருக்கு?"

"கலியாணத்துக்கப்புறம் அங்கதாங்கய்யா."

"அப்ப அவ வெளியாளு. தொரை நுவரெலியா போயிருக்காரு. திங்கக்கெழமை வா."

திரும்பி வந்தபோது அவன் பெண்சாதி பேச்சியம்மா சேதி கேட்டுத் துணிமூட்டையோடு கம்பியடியில் நின்றாள். இடுப்பைப் பிடித்தபடி வடிவு கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

"குறடு இடுப்புலதான இருக்கு? ரெண்டு கம்பிய வெட்டுங்க" என்றாள் பேச்சியம்மா.

"வெட்டுனா வேலை போயிரும், குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போயிரும். திங்கக்கெழமை வரைக்கும் பொறுக்க மாட்டாளா?"

கேட்கும்போதே அவனுக்கு வெட்கமாக இருந்தது. இருந்தும் குறடு இடுப்பிலேயே கிடந்தது.

பேச்சியம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "வெளிய போறதுக்கும் துண்டு வேணுமா?"

"வேணாம்."

"அப்ப நான் போறேன். நீங்க கம்பியப் பாத்துக்கங்க."

மூட்டையைக் கம்பிக்கு மேலே மருமகனிடம் வீசி, வடிவைத் திரும்பக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டு, கேட் வழியாக ஏழு மைலும் நடந்தே போனாள். அந்தத் தோட்டத்தில் அப்போது வேலி கிடையாது.

திங்கட்கிழமை துண்டு கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஞாயிறு விடியவே வடிவுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. பேறு பார்த்த பேச்சியம்மா பதினாறாம் நாள்தான் திரும்பினாள். கேட்டடியில் வீரய்யாவோடு கணக்குப்பிள்ளையும் நின்றார்.

"இத்தன நாளு காலைப் பெரட்டுக்குப் பேர் குடுக்க வரல. இவ பேர வெட்டியாச்சு" என்றார். "துண்டு இருந்தா உள்ள விடு."

வீரய்யா கேட்டின் கொண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உள்ள விடச் சொல்லி நான் கேக்கலைங்க" என்றாள் பேச்சியம்மா, புருஷனைப் பார்த்து. "பேரன் பொறந்திருக்கான். ஒங்க சாடைதான். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

வந்த வழியே நடந்தாள். அவள் வளைவு திரும்பும்வரை கணக்குப்பிள்ளை அங்கேயே நின்றார். வீரய்யா கேட்டைச் சாத்தினான். பூட்டுச் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒரு தரம் இழுத்தும் பார்த்தான்.